கிதாருக்குக் குரல் தரும் வால்வு

மின் கிதாரை மின்சாரத் தொடர்பு ஏதுமின்றி மீட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். அது ஏறக்குறைய ஊமை. வீணைக்குக் குடம் உண்டு. வயலினுக்குக் குடைவான உடல் உண்டு. பழைய கிதாருக்கும் மரப்பெட்டி உண்டு. தந்தியின் மெல்லிய அதிர்வை அவை வாங்கி, உள்ளே அடைபட்ட காற்றையும் சேர்த்து அதிரச் செய்து, செவிக்கு எட்டும் ஒலியாக ஆக்குகின்றன. மின் கிதாரின் உடலோ பெரும்பாலும் குடைவற்ற கனத்த கட்டை. அதன் இயற்கை ஒலி அடுத்த அறைக்குக்கூடக் கேளாது. அங்ஙனமாயின், பெரிய அரங்கையே நிறைக்கும் அதன் குரல் எங்கிருந்து பிறக்கிறது? வாத்தியத்தின் பாதி கலைஞரின் கையில் இருக்கிறது. மறுபாதி கம்பி வழியே சென்று சேரும் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அந்த மறுபாதியைப் பற்றியே இப்பேச்சு.

முதலில் தந்தியின் அடியிலிருந்து தொடங்குவோம். அங்கே ஒரு காந்தமும், அதனைச் சூழத் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். உருக்குத் தந்தி அசையும்போது காந்தப் புலமும் உடன் அசைய, சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. உங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இம்முறையில் வெற்றி கண்ட முதல் வாத்தியம், 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர் கிதார். வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்தும் உடையதாக இருந்தமையால், வாணலி என்றே வேடிக்கையாக அதனை அழைத்தனர்.

பிக்கப் தருகின்ற மின்னழுத்தம் மிகச் சிறிது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கொள்ளலாம். அதனைக் கொண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்க இயலாது. ஆகவே இரண்டு நிலைகளில் பெருக்குகிறார்கள். முதல் நிலைக்கு முன்பெருக்கி என்று பெயர். வாத்தியக்காரர்கள் பிரீஆம்ப் என்பர். இரண்டாவது, திறன் பெருக்கி. முன்பெருக்கி மின்னழுத்தத்தை உயர்த்துவதோடு குரலின் தன்மையையும் வகுக்கிறது. தாழ்சுரங்கள் எவ்வளவு, உயர்சுரங்கள் எவ்வளவு, குரல் தெளிவாக இருப்பதா கரகரப்பாக இருப்பதா என்பவையெல்லாம் இங்கேதான் முடிவாகின்றன. திறன் பெருக்கி அந்தக் குரலுக்கு உடல் வலிமை தருவது. சாதாரணக் கிதார்ப் பெருக்கியில் இவ்விரண்டும் ஒரே பெட்டியில் அடங்கியிருக்கும். முன்பெருக்கியை மட்டும் பிரித்தெடுத்து, ராக் எனப்படும் இரும்புச் சட்டத்தில் திருகி வைக்கும்படி செய்ததே நாம் பார்க்க வேண்டிய கருவி.

அதன் உயிர்நாடி வால்வு. நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியைத் திருப்பியவுடன் அது பாடுவதில்லை. சற்று நேரம் காத்திருந்து, உள்ளே சிறு கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாகக் கனன்ற பின்பே பாடத் தொடங்கும். அந்தக் குழாய்களே வால்வுகள். 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் இரு மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் மூன்றாவது மின்வாய் ஒன்றைச் சேர்த்தார். அன்று தொடங்கியது மின்பெருக்கத்தின் கதை.

வால்வின் உள்ளே காற்று இல்லை. நடுவில் உள்ள எதிர்மின்வாய் சூடேற்றப்படும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. சுற்றிலும் நிற்கும் நேர்மின்வாய், 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இருப்பதால் அவற்றைத் தன்பால் இழுக்கிறது. இரண்டிற்கும் இடையே கிரிட்டு என்னும் மெல்லிய கம்பிச் சுருள் காவல் நிற்கிறது. வாய்க்கால் மடையில் பலகையைச் சிறிது ஏற்றி இறக்கினால் வயலுக்குப் பாயும் நீர் பெரிதும் கூடிக் குறைவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே கிரிட்டின் அழுத்தத்தில் நிகழும் சிறு மாறுதல், எலெக்ட்ரான் ஓட்டத்தில் பெரிய மாறுதலை உண்டாக்குகிறது. சிறியதைக் கொண்டு பெரியதை ஆளுதல் என்பது இதுதான்.

கிதார் முன்பெருக்கிகளில் பெரிதும் பயன்படும் வால்வை அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்பர். ஐரோப்பியர் ஈசிசி83 என்பர். இரண்டும் ஒன்றே. கட்டைவிரல் பருமனும் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரமும் உடைய இந்தக் கண்ணாடிக் குழாயின் அடியில் ஒன்பது ஊசிகள் உண்டு. உள்ளே ஒன்றல்ல, இரண்டு மும்மின்வாய் வால்வுகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றின் பெருக்க எண் 100. ஆயினும் சுற்றில் பொருத்தி வேலை வாங்கும்போது ஐம்பது, அறுபது மடங்கு கிடைக்கும்.

இனி, நுட்பமான இடத்துக்கு வருகிறோம். நல்ல பெருக்கி எது என்று பொறியியல் அறிஞரைக் கேட்டால், கொடுத்த ஒலியை உருமாற்றாமல் பெரிதாக்குவதே நல்லது என்பார். கிதார்ப் பெருக்கியில் இவ்விதி தலைகீழாகி விட்டது. 1951-ஆம் ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாட்டைப் பதிவு செய்தபோது, கிதார்க்காரரின் பெருக்கி சேதமுற்றிருந்தது. கிழிந்த ஸ்பீக்கர்க் கூம்பில் காகிதத்தை அடைத்து அப்படியே வாசித்தார்கள். எழுந்த கரகரப்பான ஒலி கேட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது. பின்னர், பெருக்கியைச் சேதப்படுத்தாமலே, அதன் வால்வுகளைத் தாங்குமளவுக்கு மேல் உந்தி இத்தகைய ஒலியை வரவழைக்கக் கலைஞர்கள் கற்றனர்.

வால்வை மிகையாக உந்தினால் நடப்பது என்ன? கிரிட்டு, எதிர்மின்வாயைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டு தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு வோல்ட்டு அங்கே வந்து அசைந்தாடினால் இடைஞ்சல் இல்லை. ஐம்பது மடங்காகி ஐந்து வோல்ட்டாக வெளியேறும். அந்த ஐந்து வோல்ட்டையும் அடுத்த வால்வின் கிரிட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் அது தாங்குமா? மேல்நோக்கி ஒன்றரை வோல்ட்டு ஏறியதுமே கிரிட்டு தானே எலெக்ட்ரான்களைப் பற்றத் தொடங்கி விடுகிறது. அலையின் முகடு மழுங்குகிறது. கீழ்நோக்கி மேலும் இரண்டோ மூன்றோ வோல்ட்டு இறங்கினால் ஓட்டமே நின்றுபோகிறது. அலையின் அடியும் வெட்டுண்கிறது. மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டப்படுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வாறு உருக்குலைந்த அலையில், மூல சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண் உடைய மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. இருமடங்கு என்பது மேல் ஷட்ஜம். மும்மடங்கு அதற்கும் மேலுள்ள பஞ்சமம். தம்பூராவின் ஒரே தந்தியில் இவற்றைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது வியப்பன்று. மெலிந்த தந்தியின் குரல் பருமனும் செழுமையும் பெறுவது இதனாலேயே. வேறொரு பயனும் உண்டு. மீட்டிய தந்தியின் அதிர்வு நொடிக்கு நொடி தேய்கிறது. ஆனால் முகடு எப்படியும் வெட்டப்படுவதால், தேய்ந்த அலையும் தேயாத அலையும் வெளியே ஏறத்தாழ ஒரே உரப்பில் வருகின்றன. விரலால் மீட்டிய சுரம் வில் போட்ட வயலினைப் போல நெடுநேரம் நிற்கிறது. கிதாருக்கு இது பெரும் பேறு.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு சுரங்களைச் சேர்த்து இசைத்தால் அவற்றின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையிலும் கழித்தலிலும் புதிய சுரங்கள் முளைக்கும். ஐந்தாறு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் காதில் விழுவது கலங்கல்தான். ஆகவே கரகரப்பை மிகுதியாக வைத்து வாசிப்போர் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். அவற்றின் அதிர்வெண்கள் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் உள்ளன. மூன்றில் இரண்டு போனால் எஞ்சும் ஒன்று, ஷட்ஜத்திற்குக் கீழ் ஸ்தாயி ஷட்ஜமே ஆகும். ஆதலால் அங்கே கலங்கல் இல்லை. அடித்தளம் ஒன்று தானாக வந்து சேர்கிறது. ராக் இசையின் வழக்கம் ஒன்றுக்கு வால்வின் குணமே காரணமாக இருப்பது எவ்வளவு சுவையான செய்தி!

இலண்டன் நகரின் ஹான்வெல் பகுதியில் தாள வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962-இல் தம் முதற் பெருக்கியைச் செய்தார். அமெரிக்கப் பெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் பெருக்கியே அதற்கு முன்மாதிரி. ஆனால் பாஸ்மேனில் முதலிடத்தில் இருந்ததைவிட அதிகமாகப் பெருக்கவல்ல ஈசிசி83 வால்வை அவ்விடத்தில் இட்டார்கள். பெருக்கியின் குணம் மாறிற்று. 1970-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் மேசா பூகி நிறுவனத்தைத் தொடங்கிய ரேண்டல் ஸ்மித், முன்பெருக்கியில் வால்வு நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, இடையிலும் இறுதியிலும் அளவுக் குமிழ்களை வைத்தார். இதன் பின்னர், வால்வை வேண்டுமட்டும் உந்திவிட்டு, வெளிவரும் உரப்பைத் தனியே குறைத்துக்கொள்ள முடிந்தது. குரலை ஆக்கும் வேலை முழுவதும் முன்பெருக்கிக்குள் அடங்கியதால், அதனைத் தனிப்பெட்டியாகப் பிரிப்பதற்கும் வழி பிறந்தது.

அந்தப் பெட்டிக்கு ஏற்ற சட்டம் முன்னமே இருந்தது. 1920-களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்குவதற்கு 19 அங்குல அகலமுள்ள சட்டத்தை ஏற்படுத்தினார்கள். உயரத்திற்கும் ஓர் அலகு உண்டு. அது ஒன்றே முக்கால் அங்குலம். வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இதனையே மேற்கொண்டன. 1980-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிதார்க் கலைஞர்கள், எதிரொலிக் கருவி, முன்பெருக்கி, திறன் பெருக்கி ஆகியவற்றை ஆளுயரத்துக்கு அடுக்கிச் சக்கரம் வைத்து உருட்டிச் சென்றார்கள். குளிர்சாதனப் பெட்டி என்று அதனைக் கேலி செய்தவர்களும் உண்டு. நாளொன்றுக்குப் பல பாடல்களில் பல குரல்களில் வாசிக்க வேண்டியவர்களுக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை.

1983-இல் மிடி என்னும் பொது மொழி வெளியாயிற்று. இசைக் கருவிகள் தமக்குள் எண்களால் செய்தி அனுப்பிக்கொள்ள இது வழி செய்தது. 1987-இல் கலிபோர்னியாவின் ஏ.டி.ஏ. நிறுவனம் எம்பி-1 என்னும் முன்பெருக்கியை வெளியிட்டது. ஓர் அலகு உயரம், இரண்டு வால்வுகள், 128 குரல் அமைப்புகளை நினைவில் வைக்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. 1992-இல் வந்த மார்ஷல் ஜேஎம்பி-1, இரண்டு வால்வுகளுடன் 100 அமைப்புகளை நினைவில் கொண்டது. காலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மெல்லிய தெளிந்த குரல் நொடியில் முழக்கமாக மாறும். இங்கே மாணவர்கள் தவறாக எண்ணிவிடக் கூடாது. நினைவில் பதிவது ஒலியன்று. குமிழ்கள் நிற்க வேண்டிய நிலைகளே பதிகின்றன. ஒலி அன்றன்று வால்வில் புதிதாகவே பிறக்கிறது. எனவேதான் மென்மையாக மீட்டினால் தெளிவும், அழுத்தி மீட்டினால் உறுமலும் ஒரே அமைப்பிலேயே கிடைக்கின்றன.

இத்தகைய பெட்டியை ஒருவர் வாங்கிவிட்டார் என்று கொள்வோம். நேரே ஹாலின் பொது ஒலிபெருக்கியோடு இணைத்தால் வண்டுக் கூட்டம் இரைவது போன்ற ஒலியே வரும், ஏமாற்றம் அடைவார். குற்றம் பெட்டியினுடையது அன்று. கிதாருக்கென்று அமைந்த 12 அங்குல ஸ்பீக்கர், நொடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் விழுங்கிவிடும். வால்வு ஆக்கிய கூரிய மேற்சுரங்கள் அங்கே வடிகட்டப்பட்ட பின்னரே நாம் விரும்பும் குரல் வருகிறது. ஆதலால் திறன் பெருக்கியும் கிதார் ஸ்பீக்கரும் வேண்டும். அல்லது அந்த ஸ்பீக்கரைப் போல வடிகட்டித் தரும் தனி வெளிவாயில் முன்பெருக்கியில் இருக்க வேண்டும். ஜேஎம்பி-1-இல் அது உண்டு. எதிரொலிக் கருவியை எங்கே இணைப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. முன்பெருக்கிக்குப் பின்னால் இணைத்தால் எதிரொலி தெளிவாக இருக்கும். முன்னால் இணைத்தாலோ, எதிரொலியும் வால்வில் நசுங்கிச் சேறாகும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவையும் உள. வால்வு என்று பெயர் எழுதி, அதன் பின்னே செம்மஞ்சள் விளக்கொன்றை ஏற்றி வைத்து, உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் அதனை ஓட்டும் பெட்டிகள் உண்டு. அவற்றில் வால்வு உழைப்பதைவிட அலங்காரமாக இருப்பதே மிகுதி. அடுத்து, பின்புறத் தகட்டைப் படித்தல் வேண்டும். அமெரிக்க நாட்டுக்கெனச் செய்தது 120 வோல்ட்டு மின்சாரத்துக்கு உரியது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. தக்க மின்மாற்றி இன்றிச் சொருகினால் பியூஸ் போவதோடு நிற்காது; பெட்டியே எரிந்துவிடக்கூடும். மூன்றாவது, வயது. 1987-இல் பிறந்த பெட்டியின் மின்தேக்கிகளுக்குள் உள்ள திரவம் வற்றியிருக்கக்கூடும். அதன் அடையாளம் ஓயாத ரீங்காரம்.

நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. குரல் அமைப்புகளின் நினைவு அதனைச் சார்ந்து வாழ்கிறது. சில ஆண்டுகளில் அது தீர்ந்ததும் அத்தனை அமைப்புகளும் ஒரே இரவில் மறைந்துபோகும். கச்சேரிக்கு முதல் நாள் மறைந்தால் வாசிப்பவர் நிலை என்னவாகும்? ஒவ்வோர் அமைப்பின் எண்களையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். மிருதங்கக்காரர் கரணையைக் கவனிப்பது போலவும், வீணைக்காரர் மெழுகில் பதிந்த மெட்டுகளைக் கவனிப்பது போலவும் இதனையும் வாத்தியப் பராமரிப்பாகவே கொள்ள வேண்டும்.

வால்வும் மூப்படைவது. எனினும் முன்பெருக்கி வால்வு, திறன் பெருக்கி வால்வைவிட நெடுங்காலம் உழைக்கும். உள்ளே உறுப்புகள் தளர்ந்துவிட்டால், அது மைக்கைப் போல அதிர்வுகளை வாங்கி ஊளையிடத் தொடங்கும். பென்சிலால் மெல்லத் தட்டினால் எந்த வால்வு மணியடிப்பது போல் ஒலிக்கிறதோ அதுவே குற்றவாளி. ஆனால் மூடியைத் திறந்து இச்சோதனையைச் செய்வது மாணவர் வேலையன்று. உள்ளே 250, 300 வோல்ட்டு உலவக்கூடும். மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அந்த அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். உயிருக்கே ஆபத்து. பழகிய தொழிலாளரிடம் ஒப்படைத்து, அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ராக்கில் பல கருவிகள் உலோகத்தோடு உலோகம் பொருந்தி நிற்பதால் ரீங்காரம் எழுவதுண்டு. அதை நீக்க, செருகியின் நில இணைப்பு ஊசியை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது கொடிய மடமை. திருகாணிகளுக்கு மின்கடத்தா வளையங்கள் இட்டோ, பிரிப்பு மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தோ ரீங்காரத்தைப் போக்கலாம். கிதார்த் தந்தியைத் தொட்டபடி நிற்பவரின் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

வால்வு கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்ததன் பின், வானொலியும் தொலைக்காட்சியும் படிப்படியாக வால்வைக் கைவிட்டன. ஸ்லோவாக்கியா, ரஷியா, சீனா ஆகிய நாடுகளின் சில தொழிற்சாலைகளே எஞ்சின. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷிய வால்வுகளின் வரத்து நிலையற்றதாயிற்று; எங்கும் விலை ஏறியது. எங்கோ நடக்கும் போர், கிதார் வாசிக்கும் இளைஞனின் கைப்பணத்தைத் தொட்டது.

இவ்வளவு தொல்லையும் எதற்கு, கணிப்பொறியே வால்வின் குரலைக் கணக்கிட்டுத் தருகிறதே என்று கேட்கலாம். உண்மை. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்னும் சிறு கருவி வந்தது முதல் அத்துறை வளர்ந்தே வந்திருக்கிறது. பதிவு செய்த பாட்டைக் கேட்டு, இது வால்வு, இது கணக்கு என்று பிரித்துச் சொல்வது தேர்ந்த செவிக்கும் கடினம். எடை குறைவு, செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. மேடையில் வாசிப்பது மட்டுமே நோக்கமாயின் அதனையே வாங்குங்கள் என்பேன். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் உள்ளவருக்கு வால்வுக் கருவி வேறு வகையில் உதவும். அதில் குரல் பிறக்கும் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும். பழுதான உறுப்பைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியும். ஒரு வால்வை மாற்றினால் குரல் எவ்வாறு மாறுகிறது என்று காதாலேயே சோதிக்கவும் முடியும்.

வாங்கியவர்களுக்கு இன்னும் இரண்டொரு சொல். ராக்கில் முன்பெருக்கியின் மேலே ஓர் அலகு இடத்தை வெறுமையாக விடுங்கள். வால்வு ஒவ்வொன்றும் சூடேற்றும் இழைக்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டு வாட்டு செலவிடுகிறது, மின்மாற்றியின் சூடு வேறு. இயக்கும்போது முன்பெருக்கியை முதலிலும், அது சூடேறி அமைதியுற்ற பின் திறன் பெருக்கியையும் இயக்குங்கள். நிறுத்தும்போது திறன் பெருக்கியை முதலில் நிறுத்துங்கள்; இல்லையேல் முன்பெருக்கி அணையும்போது எழும் பெரும் துடிப்பு ஸ்பீக்கரில் இடிபோல் விழும். நிறுத்திய உடனே பெட்டியை வண்டியில் ஏற்றிவிட வேண்டாம். வால்வுகள் ஆறும்வரை, கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருக்கலாம்.